தலைப்பிரசவம் இங்கிலாந்தில்: வலியை வாய்விட்டுச் சொல்லுங்கள்

அன்புத் தங்கச்சிக்கு,

கணவரின் வேலை விசாவில் ஈரோட்டிலிருந்து பர்மிங்ஹாம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இப்போது 28 வாரம், அம்மா பக்கத்தில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "இங்கே கடைசிவரை டாக்டரே பார்க்க மாட்டாராம், வலியோடு போனாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பேசாமல் ஊருக்கே போய்விடட்டுமா அக்கா?" என்று கேட்டீர்கள்.

நான் விருதுநகர்ப் பக்கம். என் மகன் இங்கேதான் பிறந்தான், இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அதற்குப் பிறகு நம்மூர்ப் பெண்கள் சிலருக்குத் துணையாக லேபர் வார்டுக்குள் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஊருக்குப் போவதென்றால் முடிவை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். 28 வாரம் தாண்டினால் விமானக் கம்பெனிகள் பெரும்பாலும் கடிதம் கேட்பார்கள், 36 வாரம் நெருங்கினால் ஏற்ற மாட்டார்கள். அங்கே பிறந்தால் குழந்தைக்கு விசா வாங்கித்தான் இங்கே கூட்டிவர முடியும். இங்கே பிறந்தாலும் பெற்றோர் இருவரில் ஒருவருக்காவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ பிரிட்டிஷ் குடியுரிமையோ இல்லையென்றால் குழந்தை தானாக பிரிட்டிஷ் ஆகிவிடாது. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். விசாவுக்கு ஹெல்த் சர்சார்ஜ் என்கிற மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பதால் பிரசவத்துக்குத் தனியாக பில் வராது. இவ்வளவுதான் கணக்கு. மற்றபடி, இருப்பதா போவதா என்பதை உங்கள் மனசு சொல்லட்டும். இருப்பதென்றால் பயப்பட ஒன்றுமில்லை.

டாக்டர் பார்க்க மாட்டார் என்பது பாதி உண்மை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை என்று ஏதாவது இருந்தால் டாக்டரும் சேர்ந்து பார்ப்பார். ஒன்றுமில்லையென்றால் தொடக்கத்திலிருந்து குழந்தையைக் கையில் வாங்குவதுவரை எல்லாம் மிட்வைஃப் என்கிற பேறுகால மருத்துவச்சிதான். அதற்காகவே வருடக்கணக்கில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அவர்கள். எல்லாம் சரியாக நடந்தால் டாக்டர் முகத்தைப் பார்க்காமலேயே வீட்டுக்கு வந்துவிடலாம், அது நல்ல செய்தி. சிக்கல் என்றால் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்துவார்கள், நிமிடத்தில் ஆறேழு பேர் உள்ளே வந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து அரண்டுவிடாதீர்கள். ஊரில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள் என்பார்களே, அந்த ஃபோர்செப்ஸ், வாக்கூம் எல்லாம் டாக்டர்தான் செய்வார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம்மை வளர்த்த விதம் வேறு. "பல்லைக் கடிச்சுக்கோ, கத்தினா சத்து போயிரும்" என்று சொல்லியே பெண்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஊரில் அது செல்லும். அம்மா, அத்தை, ஆயாம்மா என்று யாராவது முகத்தைப் பார்த்தே "இவளுக்கு நேரம் நெருங்கிருச்சு" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே உங்கள் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள்.

எனக்கு நடந்தது இதுதான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தேன். ஷிஃப்ட் மாறி வந்த மிட்வைஃப் எட்டிப் பார்த்து, அமைதியாக இருக்கிறாய், இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கீழே அழுத்துகிறது, முக்க வருகிறது என்று நான் சொன்ன பிறகுதான் பரிசோதித்தார். கர்ப்பப்பை வாய் 9 சென்டிமீட்டர் திறந்திருந்தது. நான் கேட்டிருந்த முதுகு ஊசிக்கு நேரமே இல்லாமல் போய்விட்டது. பிறகு நான் துணைக்குப் போன பெண்களிடமும் இதையேதான் பார்த்தேன். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள், நம் பெண்கள் எட்டு இருக்கும்போது ஐந்து என்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கள். கத்த வந்தால் கத்துங்கள், யாரும் அதட்ட மாட்டார்கள்.

இது வெறும் வலி விஷயம் மட்டுமில்லை. இந்த நாட்டில் பிரசவத்தில் தாய்மார் இறப்பை ஆராயும் எம்பிரேஸ் அறிக்கைகள் ஆண்டுக்காண்டு ஒன்றைச் சொல்லிவருகின்றன: வெள்ளைக்காரப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கும் ஆசியப் பெண்களுக்கும் ஆபத்து கூடுதல். மொத்தத்தில் இறப்பு மிக மிக அபூர்வம், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் மறுபடி மறுபடி சொல்வதற்குக் கூச்சமே படக்கூடாது. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இலவசம், ஃபோனிலேயே பேச வைப்பார்கள். கணவரை மட்டும் நம்ப வேண்டாம், அந்த நேரத்தில் அவருக்கும் கைகால் ஓடாது. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டிலேயே சொல்லிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்கென்று ஆஸ்பத்திரியில் 24 மணி நேர ட்ரையாஜ் எண் ஒன்று உண்டு. வலி வந்ததும் அதைத்தான் கூப்பிட வேண்டும். நீங்களே பேசுங்கள், கணவரிடம் ஃபோனைக் கொடுக்காதீர்கள். வலி வரும்போது நீங்கள் எப்படி மூச்சு விடுகிறீர்கள், பேச முடிகிறதா என்று அந்தப் பக்கம் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்து, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நின்றால் பெரும்பாலும் வரச் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் 2 சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பினால் மனம் உடைந்துவிடாதீர்கள். 4 சென்டிமீட்டர் திறந்து வலி சீராக வந்தால்தான் பிரசவம் தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். தலைப்பிரசவத்தில் அதற்கு முந்தைய கட்டமே ஒரு நாளுக்கு மேல் இழுக்கலாம். அந்த நேரம் வீட்டில் நடந்துகொண்டும், வெந்நீரில் குளித்துக்கொண்டும், ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டும் இருப்பதே உடம்புக்கு நல்லது. பாரசிட்டமால் போடலாம்.

ஆனால் சில விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. பனிக்குடம் உடைந்தால் பேட் வைத்து நிறத்தைப் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கலாம், உடனே போக வேண்டும். தெளிவாக இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். 24 மணி நேரத்தில் வலி வராவிட்டால் மருந்து வைத்து வலி வரவைக்கலாமா என்று கேட்பார்கள். ரத்தம் போனாலோ, 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தாலோ, தாங்க முடியாத தலைவலியோடு கண்ணில் பூச்சி பறந்தாலோ அப்போதே கூப்பிடுங்கள். முக்கியமாகக் குழந்தையின் அசைவு. "கடைசி மாசம் அசைவு குறையும், இடமில்லைல்ல" என்று ஊரிலிருந்து சொல்வார்கள். அது தவறு. அசைவு கடைசிவரை குறையக்கூடாது. சில்லென்று ஜூஸ் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் கூப்பிடுங்கள், நேற்றுத்தானே கூப்பிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம்.

லேபர் வார்டில் உங்களுக்கென்று தனி அறை இருக்கும். எனிமா, ஷேவிங் எல்லாம் வழக்கமில்லை. மல்லாக்கப் படுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். நிற்கலாம், பெரிய பந்தில் உட்காரலாம், சில இடங்களில் வெந்நீர்த் தொட்டியிலேயே பெற்றுக்கொள்ளலாம். எதைச் செய்யும் முன்பும் உங்களிடம் சம்மதம் கேட்பார்கள். உள்பரிசோதனை வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம்.

வலி குறைக்க முதலில் தருவது கேஸ் அண்ட் ஏர். நைட்ரஸ் ஆக்ஸைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி. வலி தொடங்கும்போதே வாயில் வைத்து ஆழமாக இழுக்க வேண்டும், வலி உச்சத்துக்கு வந்த பிறகு இழுத்தால் பிடிபடாது. தலை சுற்றும், சிலருக்கு வாந்தி வரும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பெத்திடின் ஊசி வலியைக் கொஞ்சம் மந்தமாக்கும், ஆனால் பிறக்கும் நேரத்துக்கு நெருக்கத்தில் போட்டால் குழந்தையும் தூங்கி வழியும். முதுகில் போடும் எபிடியூரல்தான் வலியை நன்றாக அடக்குவது. மயக்க டாக்டர் வர வேண்டும், அவர் ஆபரேஷனில் இருந்தால் தாமதமாகும். அதனால் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். ஊசி போட்டால் முதுகு காலத்துக்கும் வலிக்கும் என்று ஊரில் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. சிசேரியன்தான் வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நன்மை தீமை பேசுவார்கள், அதற்குப் பிறகும் நீங்கள் உறுதியாக இருந்தால் ஏற்பாடு செய்வார்கள்.

தலை வெளியே தெரியும் நேரம்தான் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியைக் கீழே அழுத்திப் பிடித்தபடி, முக்காதே, வாயைத் திறந்து குட்டி குட்டியாக மூச்சு விடு என்றார் மிட்வைஃப். நெருப்புப் பட்ட மாதிரி எரிந்தது. என் கையைப் பிடித்துக் கீழே கொண்டுபோய் வைத்தார். ஈரமான தலைமுடி விரலில் பட்டது. ஆசியப் பெண்களுக்குக் கிழிசல் ஆழமாகப் போகும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பதால் இந்த நிதானம் ரொம்ப முக்கியம். 35 வாரத்திலிருந்து அந்த இடத்தை எண்ணெய் தடவி நீவிவிடுவது உதவும், மிட்வைஃபிடம் செய்முறை கேளுங்கள்.

பிறந்ததும் துடைத்து நேராக உங்கள் நெஞ்சில் போடுவார்கள். தொப்புள் கொடியை உடனே வெட்ட மாட்டார்கள், ஒரு நிமிடமாவது விடுவார்கள். நஞ்சுக்கொடி விழத் தொடையில் ஊசி, குழந்தைக்கு வைட்டமின் கே. தையல் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டுத்தான் போடுவார்கள். வலி தெரிந்தால் அங்கேயும் வாய் திறந்து சொல்லுங்கள். பிறகு டீயும் வெண்ணெய் தடவிய டோஸ்டும் வரும். அவ்வளவு ருசியான டோஸ்ட் நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

சிக்கல் இல்லையென்றால் அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "பச்சை உடம்புக்காரியை இப்படியா அனுப்புவாங்க?" என்று என் அம்மா ஃபோனில் அழுதே விட்டார்கள். காரில் போவதென்றால் குழந்தை சீட் கட்டாயம், இப்போதே வாங்கி மாட்டிப் பழகுங்கள். மறுநாள் மிட்வைஃப் வீட்டுக்கே வருவார். ஐந்தாம் நாள் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். மஞ்சள் காமாலை நம் குழந்தைகளின் நிறத்தில் சட்டென்று தெரியாது. கண் வெள்ளையையும் ஈறையும் வெளிச்சத்தில் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் மிட்வைஃபைக் கூப்பிடுங்கள். அறை 16 முதல் 20 டிகிரி போதும். நம் வழக்கப்படி போர்த்திப் போர்த்தி வைக்க வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள், கண் மை வேண்டாம்.

உங்களுக்கும் ஒன்று. நாற்பது நாள் படுக்கையை விட்டு எழக்கூடாது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் பிரசவத்துக்குப் பின் அதிகம், மெதுவாக நடக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே கூப்பிடுங்கள், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 999 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். பத்தியச் சாப்பாட்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பூண்டுக் குழம்பை இப்போதே வைத்து ஃப்ரீசரில் போடுங்கள், பருப்புப் பொடி இடித்துக்கொள்ளுங்கள். மீன் கடையில் சுறா கிடைத்தாலும் கர்ப்பத்தில் வேண்டவே வேண்டாம், குழந்தை பிறந்த பிறகும் புட்டு எப்போதாவது ஒருமுறை போதும், பாதரசம் அதிகம் என்று இங்கே எச்சரிக்கிறார்கள். மூன்றாம் நாள் வாக்கில் பால் கட்டும், காரணமில்லாமல் அழுகை வரும், அது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காவிட்டால், குழந்தையைத் தூக்கவே பிடிக்காவிட்டால், ஜிபியிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரிடம், சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் தவித்தாள். மருந்தும் பேச்சும் கிடைத்த பிறகு தேறிவிட்டாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை, அவ்வளவு நாள் அவள் தனியாகக் கஷ்டப்பட்டிருக்க வேண்டியதே இல்லை.

அம்மாவுக்கு விசிட்டர் விசா போடுங்கள், 6 மாதம்வரை இருக்கலாம். தேதிக்கு முன்பே வரவழைப்பதைவிட, கணவரின் இரண்டு வார லீவு முடிகிற சமயம் வந்து இறங்கினால் உங்களுக்கு உதவி நீண்ட நாள் கிடைக்கும். குழந்தை பிறந்த 42 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், பெயரை அதற்குள் முடிவு செய்துவிடுங்கள், இனிஷியல் முறை இங்கே குழப்பும்.

28 வாரம் ஆகிவிட்டதால் ஆர்எஸ்வி என்கிற சளிக்கிருமிக்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள், 2024 செப்டம்பரிலிருந்து தருகிறார்கள், பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலுக்கு அது பாதுகாப்பு. ட்ரையாஜ் எண்ணை இன்றைக்கே இருவர் ஃபோனிலும் ஏற்றிவிடுங்கள். துணைக்குத் தமிழ் பேசுகிற பெண் ஒருத்தி வேண்டுமென்றால் தேதியை எனக்கு எழுதுங்கள், ரயில் ஏறி வந்துவிடுகிறேன்.