திரைக்கதைப் போட்டி பத்திக் கேளுங்க, தெரிஞ்சதச் சொல்லுறன்

இண்டைக்குப் பின்னேரம் கொஞ்சம் ஓய்வா இருக்கன். திரைக்கதைப் போட்டி பத்திக் கேக்கிற ஆக்கள் ஊர்ப் பேரப் போட்டுக் கேளுங்க. சில போட்டிகளுக்கு முதல் சுற்று வாசிக்கிற ஆள் நான், எழுதவும் செய்யிறன். சினிமாவில சான்ஸ் எடுத்துத் தாங்க எண்டு மட்டும் கேக்க வேணாம், அது என்னட்ட இல்ல.

செங்கலடி: அண்ணா, நிக்கல் எண்டு ஒரு ஹொலிவூட் போட்டி இருக்காமே, நம்மளும் அனுப்பலாமா?

அனுப்பலாம் தம்பி, எந்த நாடு எண்டு பாக்கிறதில்ல. ஒஸ்கார் குடுக்கிற அதே அக்கடமிதான் 1986ல இருந்து நடத்துது. வருசத்துக்கு அஞ்சு பேர் வரைக்கும் எடுப்பாங்க, ஆளுக்கு 35,000 டொலர். அது வெண்டதுக்கான காசு எண்டு நினைச்சிராதீங்க, அந்த வருசத்துக்குள்ள புதுசா இன்னொரு முழுநீளத் திரைக்கதை எழுதி முடிக்கச் சொல்லிக் குடுக்கிற காசு. ஆங்கிலத்தில எழுதினதுதான் எடுபடும். முந்தி ஆரும் நேரா அனுப்பலாம், 2025ல அத மாத்திட்டாங்க, இப்ப அவங்களோட சேர்ந்த பல்கலைக்கழகம், திரைக்கதைப் பட்டறை மாதிரி இடங்களுக்குள்ளால போகணும், இல்லாட்டி பிளாக் லிஸ்ட் தளத்துக்குள்ளால போகணும். அங்க ஸ்கிரிப்ட ஏத்தி வைக்க ஒரு காசு, வாசிச்சு மார்க்ஸ் போட இன்னொரு காசு.

மைக் ரிச் எண்டு ஒராள், ரேடியோவில செய்தி வாசிச்சவர், 1998ல அதில வெண்டார். அந்த ஸ்கிரிப்டே 2000ல ஷோன் கொனரி நடிச்சுப் படமா வந்திச்சு. எல்லாரும் இந்தக் கதையத்தான் சொல்லுவாங்க. ஆனா வெண்ட ஸ்கிரிப்ட் அப்பிடியே படமாகிறது குறைவு, வெண்ட ஆளுக்கு வேற எழுத்து வேலை கிடைக்கிறதுதான் கூட. சூசன்னா கிரான்ட் 1992ல வெண்டவ, அவவுக்கு ஒஸ்கார் பரிந்துரை வந்தது பிறகு எழுதின வேற படத்துக்கு.

காரைதீவு: ஃபில்ம்ஃப்ரீவேல நூத்துக்கணக்கில போட்டி கிடக்கு. எல்லாம் உண்மையா அண்ணா?

நல்ல கேள்வி. ஃபில்ம்ஃப்ரீவே எண்டது விழாவுக்கும் போட்டிக்கும் படைப்ப அனுப்புற இணையத்தளம். அதில ஆரும் விழா எண்டு ஒண்டத் திறக்கலாம், அதான் சிக்கல். நல்ல போட்டியும் அங்கதான் கிடக்கு, ஒரு லப்டொப்பும் ஒரு லோகோவும் வெச்சு ஒராள் அறைக்குள்ள இருந்து நடத்துறதும் அங்கதான் கிடக்கு. எப்பிடிப் பிரிக்கிற எண்டா, மாசாமாசம் வெண்டவங்களை அறிவிக்கிற போட்டியா எண்டு பாருங்க, அப்பிடி எண்டா கவனம். நடுவர் பேர் போட்டிருக்கா எண்டு பாருங்க. போன வருசம் வெண்டவங்கட பேரைத் தேடிப் பாருங்க, மறுகா ஏதும் எழுதியிருக்காங்களா, இல்லாட்டி விழாவில குடுக்கிற அந்த இலைபோட்ட முத்திரைய ஃபேஸ்புக்ல போட்டதோட சரியா எண்டு. ஐம்பது டொலர் எண்டா நம்மட காசில 15 ஆயிரத்துக்குக் கிட்ட. அதக் கட்ட முதல் விதிமுறையக் கடைசி வரி வரைக்கும் வாசியுங்க. சிலதில ‘அனுப்பின படைப்ப நடத்துறவர் பாவிக்கலாம்’ எண்டு ஒரு வரிய ஒளிச்சு வெச்சிருப்பாங்க. வாசியுங்க, வாசியுங்க எண்டு இண்டைக்கு முழுக்கச் சொல்லுவன் போல.

காத்தான்குடி: நானா, அனுப்பினா கதையக் களவெடுத்திருவாங்க எண்டு பயமா இருக்கு. எங்க பதியணும்?

இலங்கையில பதிய வேண்டிய கட்டாயமே இல்ல தம்பி. 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச்சொத்துச் சட்டப்படி எழுதின உடனயே பதிப்புரிமை உங்களுக்கு வந்திரும், உங்கட காலம் முழுக்க இருந்து அதுக்குப் பிறகு 70 வருசம் நிக்கும். ஆனா சட்டம் காக்கிறது எழுதின எழுத்த, யோசனைய இல்ல. ‘ஒரு மீனவன்ட மகள் லோயராகிறா’ எண்டதுக்கு ஒருத்தரும் சொந்தம் கொண்டாட ஏலாது. தனக்குத்தானே தபால்ல அனுப்பி ஒட்டி வெச்சிருக்கிற வேலை எல்லாம் வேணாம், திகதி விழுற மாதிரி உங்களுக்கே ஒரு ஈமெயில் போட்டு வையுங்க. உண்மையச் சொன்னா, முதல் ஸ்கிரிப்ட ஆரும் களவெடுக்கிற அளவுக்கு எழுதினா அதுவே பெரிய விசயம்.

களுவாஞ்சிகுடி: எத்தனை பக்கம் எழுதணும்?

ஆங்கிலத்தில எண்டா கூரியர் எழுத்து, 12 பொயின்ட், ஒரு பக்கம் ஒரு நிமிசம், 90ல இருந்து 120 பக்கம். தமிழில அந்தக் கணக்கு நிக்காது, நம்மட எழுத்து அகலம், பக்கம் கூடிரும். போன்ல டைமர் வெச்சுச் சத்தமா வாசியுங்க. இன்னொண்டு, பாமினியில அடிச்ச வேர்ட் ஃபைல அனுப்பாதீங்க. அந்த ஃபொன்ட் இல்லாத கொம்பியூட்டர்ல திறந்தா முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். யூனிகோட்ல அடிச்சு பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்க.

கன்னன்குடா: ஐயா, எங்கட ஊரில கூத்துப் பழக்கிற அண்ணாவியார் ஒருவரப் பத்தி முழுநீளக் கதை வெச்சிருக்கன். வெளியாக்களுக்கு விளங்குமா, இல்லாட்டி முன்னுக்கு வடமோடி தென்மோடி எண்டு கூத்து வகைக்கு விளக்கம் போடவா?

இண்டைக்கு வந்ததில எனக்குப் பிடிச்ச கேள்வி இதுதான். விளக்கம் ஒரு வரியும் போடாதீங்க. கூத்துப் பழகிற முறையிலயே உங்களுக்குத் திரைக்கதை இருக்கு, பாருங்க: சட்டம் குடுக்கிற நாள், சதங்கை கட்டிற நாள், அடுக்கு எண்ட ஒத்திகை பாக்கிற நாள், அரங்கேற்றம். நாள் குறிச்சாச்சு, கதை தானா முன்னுக்கு ஓடும். இப்ப சட்டம் குடுக்கிற இரவ எடுங்க. அண்ணாவியார் ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டு அவனவன் பாத்திரம் எழுதின தாளக் குடுக்கிறார். ராசா வேசம் எனக்குத்தான் எண்டு மகன் முன்னுக்கு வந்து கை நீட்டுறான். அவர் அந்தத் தாள அவனுக்குப் பின்னுக்கு நிக்கிற வயல் வேலைக்குப் போற பெடியனிட்டக் குடுக்கிறார். மகன் நீட்டின கைய உடன இறக்கல்ல. மத்தளக்காரர் தலையக் குனியிறார். கூத்தெண்டா என்னெண்டே தெரியாத கொரியாக்காரனுக்கும் இது விளங்கும். மிச்ச எண்பது பக்கமும் அந்தக் கை எங்க போகுது எண்டுதான்.

முதல் சுற்றில எங்களக் கொல்லுற விசயத்தையும் சொல்லிர்றன். நம்மட மட்டக்களப்புப் பக்கத்துக் கதையில பாதி, விடியச்சாமம் கல்லடிப் பாலத்தில ஒருத்தன் வாவியப் பாத்துக்கொண்டு நிக்கிறதிலதான் தொடங்குது, பின்னால ‘மீன்பாடும் தேன்நாடு’ எண்டு குரல். அதோட ‘அவள் மனதில் பல வருட வலி’ எண்டு எழுதுறீங்க, கமரா அத எப்பிடி எடுக்கும்? அடுப்பில பால் பொங்கி வழியுது, அவ பாத்துக்கொண்டே நிக்கிறா, அடுப்ப அணைக்கல்ல எண்டு எழுதுங்க.

கல்முனை: அண்ணே கோவிக்காதீங்க, ஸ்கிரிப்ட் போட்டி எல்லாம் கடதாசியோட நிண்டிரும். போனத் தூக்கி ஒரு ஷோர்ட் ஃபில்ம் எடுத்தா வேலை முடிஞ்சிது. நாளைய இயக்குனர்ல வந்த ஆக்களப் பாருங்க.

அரைவாசி ஒத்துக்கொள்ளுறன். கலைஞர் டிவியில அந்தப் போட்டிக்குள்ளால வந்தவங்கதான் கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும், அது குறும்படப் போட்டி. கோடம்பாக்கத்தில கூடுதலா எழுதுறவரும் இயக்குறவரும் ஒராள்தான், ஒரு புது ஆள்ட ஸ்கிரிப்ட மட்டும் காசு குடுத்து வாங்குற பழக்கம் குறைவு. அதால அங்க ஸ்கிரிப்ட் போட்டியில வெண்டாலும் அடுத்த படி எங்க எண்டு தெரியாது. ஹொலிவூட்ல அந்தப் படி இருக்கு. இதத் தெரிஞ்சுகொண்டு காசக் கட்டுங்க.

கல்முனை: பாத்தீங்களா, அப்ப நான் சொன்னதுதானே சரி!

மற்ற அரைவாசியக் கேளும். நம்மட பெடியள் எடுக்கிற குறும்படம் கனக்கப் பாக்கிறன். ட்ரோன் ஷொட் வடிவா இருக்கும், கலர் வடிவா இருக்கும், கடைசியில பாத்தா எல்லாம் கனவு. இல்லாட்டி எக்சிடன்ட்ல ஆள் முடிஞ்சிரும். ஏனெண்டா எழுதாமத் தொடங்கினது. போட்டி ஒண்டுக்கு முடிவுத் திகதி இருந்தா அவன் கடைசிப் பக்கத்த எழுதித்தான் ஆகணும்.

ஆரையம்பதி: போனத் தூக்கி எடு எண்டு அவர் லேசாச் சொல்லுறார். ராத்திரி ஷூட்டிங்குக்கு என்னை வீட்ட விடுவாங்களா? எனக்கு எழுதத்தான் ஏலும் அண்ணா, எனக்குப் போட்டிதான் வழி.

தங்கச்சி சொல்லுறதுக்குக் கல்முனை பதில் சொல்லட்டும்.

கல்முனை: சரி, அது நான் யோசிக்கல்ல. எழுதித் தாங்க, நாங்க எடுத்துத் தாறம். எங்களிட்டக் கமரா இருக்கு, கதைதான் இல்ல.

ஆரையம்பதி: எடுத்திட்டு உங்கட பேரப் போடுறதுக்கா?

இதுதான் கேக்க வேண்டிய கேள்வி. தங்கச்சி, குடுக்க முதல் ஒரு தாளில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க: ‘திரைக்கதை’ எண்டு உங்கட பேர் தனியா வரணும், உங்களக் கேக்காம முடிவ மாத்தக்கூடாது, விழாவுக்கு அனுப்பினா உங்களுக்கும் அறிவிக்கணும். கூட்டாளிதானே, எழுத்தில எதுக்கு எண்டு சொல்லுற ஆளிட்டக் குடுக்க வேணாம். எடுத்து முடிஞ்சா யாழ்ப்பாணத்தில 2015ல தொடங்கின சர்வதேச சினிமா விழா இருக்கு, விண்ணப்பம் கேக்கிற நேரம் அதையும் பாருங்க.

வாழைச்சேனை: அண்ணா நிக்கலுக்குத் தமிழில அனுப்பலாமா?

மேல வாசிங்க.

பொத்துவில்: நாவல் ஒண்டத் திரைக்கதை ஆக்கி அனுப்பலாமா?

எழுதினவர்ட அனுமதி எழுத்தில இருந்தா. கனக்கப் போட்டியில அதுவும் ஏலாது, விதிமுறைய வாசியுங்க.

ஓட்டமாவடி: திரைக்கதை எழுதுற சொஃப்ட்வெயார் ஃபைனல் டிராஃப்ட் வாங்கக் காசில்ல, களவாப் போட்ட கொப்பி ஓகேயா?

வேணாம். ட்ரெல்பி சும்மா கிடைக்கும். தமிழுக்கு வேர்டே போதும்.

சம்மாந்துறை: நிக்கல் எண்டா என்ன நானா?

தம்பி, மேல.

திருக்கோவில்: காசு கட்டினா விமர்சனம் தருவாங்களாம், நல்லதா?

வாசிக்கிறவர் ஆரெண்டு சொன்னா யோசிக்கலாம். சொல்லாட்டி அந்தக் காசுக்குக் கொத்து வாங்கி நாலு பேரக் கூப்பிட்டுப் பாத்திரத்தப் பிரிச்சுக் குடுத்துச் சத்தமா வாசிக்க வையுங்க. கல்லடியில விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில நாடகம் படிக்கிற புள்ளைகள் இருக்காங்க, கேட்டா வருவாங்க. எந்த வசனத்தில அவங்கட நாக்குச் சிக்குதோ அங்க வெட்டுங்க.

கல்முனை: அண்ணே, அந்தத் தாளுக்கு ஒரு மாதிரி எழுதித் தருவீங்களா?

நாளைக்குப் போடுறன், ரெண்டு பேரும் பாருங்க. மிச்சக் கேள்விக்கு அடுத்த கிழமை, இஞ்ச கரண்டும் போகப் பாக்குது.