இரவு அரசியல் செய்திகளால் தூக்கம் கெடுகிறதா?

செய்தியை அடியோடு நிறுத்த வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கும் நீங்கள், படுக்கையில் கிடந்தபடி காவிரி, தேர்தல் விவாதக் காணொளிகளை இரவு இரண்டு மணி வரை பார்த்துவிட்டு, நெஞ்சு படபடக்கிறது என்கிறீர்கள். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதே காரணமாக இருக்கலாம். விவாதத்துக்கு முடிவே கிடையாது. மனமோ முடிவைத் தேடி விழித்திருக்கிறது.

மூன்று இரவுகள் கைபேசியைச் சமையலறையில் வைத்துப் பாருங்கள். ஒகேனக்கல் நீர்வரத்தைக் காலை நாளிதழில் படித்தால் போதும். நள்ளிரவில் தெரிந்துகொண்டு நீங்கள் மதகைத் திறக்கப் போவதில்லையே. அந்த மூன்று இரவுகளில் தூக்கம் வந்தால், காரணம் பெரும்பாலும் காணொளிகள்தான்.

படபடப்பு பகலிலும் வந்தாலோ, தூக்கமின்மை இரண்டு வாரம் நீடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் மட்டும் தாமதிக்காதீர்கள், உடனே 108.