நிலம் தாழ்ந்ததா, கடல் ஏறியதா?

கேள்வி: புதுச்சேரிக்கு மேற்கே, வழுதாவூர் வட்டாரப் பாறைகளில் அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பதாகப் படித்தேன். அன்று கடல்மட்டம் உயர்ந்ததா, நிலம் தாழ்ந்ததா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இரண்டும் நடந்தன, ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. வழுதாவூர் வட்டாரத்தையும் உள்ளடக்கிய காவிரிப் படுகையின் (படிவுப் பாறைகள் குவிந்த பெருந்தாழ்வுப் பகுதி) ஆழமான பள்ளங்களில் படிவுகளின் தடிமன் 5 கிலோமீட்டரை எட்டுகிறது. கிரீட்டேசியஸ் காலத்தின் (சுமார் 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) பிற்பகுதியில் உலகக் கடல்மட்டம் மிக உயர்ந்திருந்த வேளையிலும், அது இன்றைய மட்டத்தைவிட ஏறத்தாழ 200 மீட்டர் அளவுக்கே மேலே இருந்திருக்கும். அந்த 200 மீட்டர் நீர் இருந்த இடத்தை மணலும் களியும் நிரப்பினால், அவற்றின் பாரத்தால் புவியின் மேலோடு அழுந்தி மேலும் கொஞ்சம் இடம் கொடுக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 450 மீட்டர்தான் தேறும். மீதியை நிலத்தின் தாழ்வுதான் ஈடுகட்டியிருக்க வேண்டும்.

கோண்டுவானா பெருங்கண்டம் உடைந்து, இந்தியாவும் அன்டார்க்டிகாவும் பிரியத் தொடங்கியபோது இங்கிருந்த மேலோடு இழுபட்டு மெலிந்தது. பிளவுகளுக்கு இடையே சில துண்டங்கள் இறங்கிப் பள்ளங்களாயின, சில முகடுகளாக நின்றுவிட்டன. அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம் அவ்வாறு உருவானதே. இழுவை நின்ற பிறகும் தாழ்வு நிற்கவில்லை. மெலிந்த மேலோட்டுக்கு அடியில் ஏறி வந்த சூடான பாறை பல கோடி ஆண்டுகளாக ஆறிச் சுருங்கியதால், முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிலம் அமிழ்ந்தது. 1978-இல் புவி இயற்பியலாளர் டான் மெக்கென்சி இந்த வழிமுறைக்குக் கணித வடிவம் கொடுத்தார். ஒரே வயதுடைய அடுக்கு பள்ளத்தில் தடித்தும் பக்கத்து முகட்டில் மெலிந்தும் காணப்பட்டால், இரண்டுக்கும் பொதுவான கடல்மட்டத்தை அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

ஆனால் நீங்கள் கேட்டிருப்பது படுகையின் மேற்கு ஓரத்தைப் பற்றி. அங்கே தாழ்வு குறைவு, சரிவும் குறைவு; ஆகவே கடல் சில பத்து மீட்டர் ஏறினாலே கரைக்கோடு வெகுதூரம் உள்ளே போய்விடும். அதே கிரீட்டேசியஸ் காலத்தில் இங்கிலாந்தும் பிரான்சும் கடலடியில் இருந்து, அங்கே வெண்சுண்ணப் பாறைகள் படிந்தன. இந்த ஒற்றுமை உலகளாவிய ஏற்றத்தையே சுட்டுகிறது. எனவே வழுதாவூரைப் பொறுத்தவரை உங்கள் முதல் ஊகத்துக்கே பலம் அதிகம். ஆறுகள் கொண்டுவரும் வண்டலையும் இங்கே மறக்கக் கூடாது: வண்டல் மிகுந்தால் கடல்மட்டம் ஏறும்போதே கரை கடலை நோக்கி நகர்வதுண்டு.

கேள்வி: கடலூர் கேப்பர் மலையின் சிவந்த மணற்பாறையும் கடலில் படிந்ததுதானா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் அது ஆற்றுப் படிவு, வழுதாவூர்ப் பாறைகளைவிட மிகவும் இளையது. உருண்ட கூழாங்கற்களும் இரும்புத் துருவின் சிவப்பும் அதைக் காட்டுகின்றன. இதே பாறைத் தொகுதியைச் சேர்ந்த திருவக்கரையில் கல்லான மரங்கள் கிளையோ வேரோ இல்லாமல் கிடப்பதால், அவை நின்ற இடத்திலேயே புதைந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று கொள்ளப்படுகிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் கதை வேறு. சதுப்பில் மக்கிய தாவரப் பொருள் அவ்வளவு தடிமனாகச் சேர வேண்டுமானால், அது குவியும் வேகத்துக்கு ஈடாக நிலமும் தாழ்ந்தோ நீர்மட்டம் உயர்ந்தோ வர வேண்டும்: தாழ்வோ நீர்மட்ட உயர்வோ முந்தினால் சதுப்பு மூழ்கிச் சேறு மூடிவிடும், பிந்தினால் காற்றுப் பட்டு எல்லாம் மட்கி அழிந்துவிடும்.