ராஜேந்திரன் படையெடுக்க எத்தனை ஜிபி ராம்? – வாசகர் கேள்வி-பதில்

வியூக விளையாட்டுகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்குச் சொல்லும் யோசனையையே கடைகளில் இதற்கும் சொல்லிவிடுகிறார்கள். பலருடைய பணம் வீணாவது அங்கேதான்.

பட்ஜெட் 40,000 ரூபாய். மானிட்டர் இருக்கிறது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, சிவிலைசேஷன் 6 இரண்டும்தான் ஆடுவேன். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது என்கிறார் கடைக்காரர். உண்மையா? – கல்லூரி மாணவர், திண்டுக்கல்

தாராளமாக முடியும், தம்பி. ஓடுவது, சுடுவது என்றிருக்கும் விளையாட்டில் ஒவ்வொரு நொடியும் புதுப்புதுக் காட்சியை வரைய வேண்டும், அந்தச் சுமை கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழும். நீங்கள் ஆடுவதில் மேலிருந்து பார்க்கும் வரைபடம் பெரிதாக மாறுவதே இல்லை. எந்தக் குதிரை எந்த வழியாகப் போக வேண்டும், எதிரி நாடு அடுத்து என்ன கட்டும் என்ற கணக்குதான் பெரிய வேலை. அது கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் வேலை.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி பிராசசரை வாங்குங்கள். 6 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), உள்ளேயே கிராபிக்ஸ். இந்த இரண்டு விளையாட்டும் 1080பி திரையில், கொஞ்சம் அமைப்புகளைக் குறைத்துவிட்டால், நன்றாகவே ஓடும். ஓடும்போது தரவை வைத்துக்கொள்ளும் நினைவகமான ராம் 16 ஜிபி போதும், ஆனால் ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, இந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு குச்சி என்றால் இரண்டு வழியில் தரவு வரும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விளையாட்டுகளைச் சேமித்து வைக்க 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போதும்.

மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, பெயருள்ள கம்பெனியின் 450 வாட், '80 பிளஸ் பிரான்ஸ்' (Bronze) என்ற தர முத்திரை உள்ளதாக வாங்கினால், நாளை சம்பளம் வரும்போது கார்டு போட்டுக்கொள்ளலாம். 2025 கடைசியில் ராம் விலை எகிறியதால், பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்4 வகை ராம் குச்சிகள் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள், இதில் அப்படியே பொருந்தும்.

பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசரை, உதாரணமாக ஐ3-12100எஃப், விலை குறைவு என்று கடையில் நீட்டுவார்கள். நல்ல பிராசசர்தான், ஆனால் அதில் கிராபிக்ஸே கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் படம் வராது.

மகன் இன்ஜினியரிங் சேர்கிறான். லேப்டாப்புக்கு 60,000 வைத்திருக்கிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4 ஆட ஆர்டிஎக்ஸ் கார்டு உள்ளதுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். – ஒரு தாய், மதுரை

அம்மா, அந்த விளையாட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில், இன்டெல் ஹெச்டி 520 என்ற, பிராசசரோடு வரும் சாதாரண கிராபிக்ஸே இருக்கிறது. 8 ஜிபி ராம், 50 ஜிபி இடம், அவ்வளவுதான். எளிய கம்ப்யூட்டர்களுக்கென்றே அமைப்புகளைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அழகாக ஓட வேண்டுமென்றால் அதைவிட நல்லது வேண்டும், மகன் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் 60,000க்குள் ஆர்டிஎக்ஸ் என்ற தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளதைத் தேடினால், கார்டைக் கொடுத்துவிட்டுத் திரையிலும் ராமிலும் குறைத்துவிடுவார்கள். நாலு வருஷம் படிப்பவன் அந்த மங்கிய திரையைத்தான் தினமும் பார்க்க வேண்டும்.

கடையில் நீங்களே ஒன்று செய்யலாம். சில ஆண்டுகளாக வரும் இன்டெல் லேப்டாப்புகள் பலவற்றில் 'ஐரிஸ் எக்ஸ்இ' கிராபிக்ஸ் என்று ஸ்டிக்கர் இருக்கும். ராம் ஒற்றை வழியில் மட்டும் (ஒரே குச்சியாக) இருந்தால் அதே கம்ப்யூட்டர் தன்னை 'யுஹெச்டி கிராபிக்ஸ்' என்றே காட்டிக்கொள்ளும், வேகமும் குறையும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்ற இடத்தைப் பாருங்கள். ஸ்டிக்கரில் ஒன்றும் அங்கே வேறொன்றும் இருந்தால், "இன்னொரு ராம் போட இடம் இருக்கிறதா, போட்டால் எவ்வளவு?" என்று கேளுங்கள். ராம் போர்டோடு ஒட்டியது, வேறு இடமும் இல்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

பிராசசர் பெயர் 'ஹெச்' என்று முடிந்தால் நல்லது. 'யு' என்பது பேட்டரியை மிச்சம் பிடிக்க வந்தது, நெடுநேர ஆட்டத்தில் மூச்சு வாங்கும். ஆடும்போது சார்ஜரைச் செருகியே ஆடச் சொல்லுங்கள்.

மேக்புக் ஏர் இருக்கிறது. அதிலேயே ஆட முடியாதா?

சிவிலைசேஷன் 6, ஸ்டெல்லாரிஸ், க்ரூசேடர் கிங்ஸ் 3 மூன்றுக்கும் மேக் பதிப்பு உண்டு, தாராளமாக ஆடலாம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸுக்கு இல்லை.

சிவிலைசேஷன் 6ல் 200 சுற்றுக்கு மேல் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிமிஷம் காத்திருக்கிறேன். 16 ஜிபி ராம் இருக்கிறது. 32 ஆக்கினால் தீருமா? – ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

தீராது. காசைச் செலவழிப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். சுற்று முடியக் காத்திருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியு எவ்வளவு காட்டுகிறது? 20 சதவீதத்தைப் பார்த்துவிட்டு "பிராசசர் சும்மாதானே இருக்கிறது" என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றுங்கள். சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரியும். ஒன்றிரண்டு கட்டம் மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கும், மற்றவை காலியாகக் கிடக்கும். 8 கட்டம் உள்ள பிராசசரில் ஒன்று முழுதாக உழைத்தாலும் மொத்தக் கணக்கில் 12, 13 சதவீதம்தான் தெரியும்.

ஒரு நாட்டின் நகர்வு முடிந்தால்தான் அடுத்த நாட்டின் நகர்வைக் கணிக்க முடியும். அதனால் இந்த வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது கஷ்டம். 16 கோர் பிராசசர் வாங்கினாலும் பலன் சொற்பம். ஒரு கோர் தனியாக எவ்வளவு வேகம் என்பதுதான் முக்கியம். ராம் பயன்பாடு 90 சதவீதத்தைத் தொட்டால் மட்டும் ராம் வாங்குங்கள்.

செலவில்லாத வழி முதலில். ஹ்யூஜ் வரைபடத்தில் 12 நாடுகள், ஸ்டாண்டர்டில் 8, ஸ்மாலில் 6. நான் எப்போதும் ஸ்மால்தான். எதிரியின் முகமாவது நினைவிருக்கும். குவிக் மூவ்மென்ட், குவிக் காம்பாட் இரண்டையும் ஆன் செய்தால் ஒவ்வொரு படையும் நடந்து காட்டும் நேரம் மிச்சம்.

செலவு செய்தே தீருவேன் என்றால், உங்களுடையது ஏஎம்4 (ஏஎம்டி பிராசசரைப் பொருத்தும் ஒரு வகை) மதர்போர்டா என்று பாருங்கள். அப்படியென்றால் ரைசன் 7 5700எக்ஸ்3டி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதில் 96 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் நினைவகம், உண்டு. சாதாரண 5600ல் 32 எம்பி, 5600ஜியில் 16 எம்பிதான். கணக்குக்குத் தேவையான விவரங்கள் பிராசசரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தால், ராம் வரை போய் வரும் நேரம் குறையும். ஸ்டெல்லாரிஸ் போன்ற விளையாட்டுகளின் கடைசிக் கட்டத்தில் இது நன்றாகத் தெரியும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனை நண்பர்களோடு ஆன்லைனில் ஆடுகிறேன். என் இன்டர்நெட் 100 எம்பிபிஎஸ். ஆனாலும் "உன்னால்தான் எங்களுக்கு ஸ்லோ" என்று திட்டுகிறார்கள். – யாழ்ப்பாண வாசகர்

இன்டர்நெட்டைக் குறை சொல்ல வேண்டாம். இந்த விளையாட்டில் படைகளின் நிலவரம் கம்பி வழியே போவதில்லை, "இந்த 30 வில்லாளிகளும் அங்கே போ" என்ற கட்டளை மட்டும் போகும். நடப்பது, அம்பு எய்வது, விழுவது எல்லாவற்றையும் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும் தானே கணக்கிட்டுக்கொள்ளும், எல்லாரும் ஒரே அடியில் நகர வேண்டும். பந்தியில் கடைசி ஆள் எழுந்தால்தான் அடுத்த பந்தி என்பது போல, மெதுவான கம்ப்யூட்டர் முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கும். ஆளுக்கு 200 வீரர்களும் வேலையாட்களும் என்றால் 8 பேர் ஆட்டத்தில் 1,600 உயிர்கள். கடைசிச் சண்டையில் திட்டு வருவது இதனால்தான்.

தரவரிசை ஆட்டத்தில் சேர்வதற்கு முன் கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும் ஒரு பெஞ்ச்மார்க் சோதனையில் 1000 புள்ளி கேட்பதும் இதற்காகவே. உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். என்ஹான்ஸ்டு கிராபிக்ஸ் பேக்கைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், நிழலையும் நீரையும் குறையுங்கள். 2022ல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர் படை தமிழில் பதில் சொல்கிறது, ராஜேந்திர சோழனின் படையெடுப்பும் உண்டு. அதற்குத் தனியாகப் பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், 'ஐ7, 16 ஜிபி' என்று 12,000க்குத் தருகிறார்கள். வாங்கலாமா? – சென்னை

எந்தத் தலைமுறை ஐ7 என்று சொன்னார்களா? ரிச்சி தெருவிலும் சரி, ஆன்லைனிலும் சரி, அதைச் சொல்லாமல் விற்பவரிடம் முதல் கேள்வி அதுதான். ஐ7-4770 என்பது 2013ல் வந்தது. 2018ன் ஐ5-8500 அதைவிட மேல், 6 கோர். 8ஆம் தலைமுறைக்குக் கீழே போனால் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

அடுத்து, பெட்டியின் அளவு. டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் எல்லாம் உறுதியானவை. ஆனால் ஒல்லிப் பெட்டி என்றால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே போகும், அதுவும் தனி பவர் ஒயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டு. லோ புரொஃபைல் ஜிடிஎக்ஸ் 1650 அப்படிப்பட்டது. எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் கம்பெனியின் சொந்த அளவில் இருக்கும், வெளியே வாங்கி மாற்ற முடியாது. அதனால் டவர் என்ற பெரிய பெட்டியைக் கேளுங்கள். கடையிலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். ஹார்டு டிஸ்க் மட்டும் இருந்தால் எஸ்எஸ்டிக்கான காசையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டோட்டல் வார்: வார்ஹாமர் 3 விளையாட்டுக்கும் இதே யோசனைதானா? – கோவை

இதுவரை சொன்னதற்கு விதிவிலக்கு. ஆயிரக்கணக்கான வீரர்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்கும் ஆட்டம், 100 ஜிபிக்கு மேல் இடமும் வேண்டும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் இறங்காதீர்கள்.

விளையாட்டை வாங்கியபின் என் கம்ப்யூட்டரில் ஓடாவிட்டால் காசு போச்சா? – திருச்சி

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒரு சிக்கல் என்னவென்றால், வியூக விளையாட்டு முதல் 2 மணி நேரத்தில் எந்த டப்பாவிலும் சரளமாக ஓடும்; இரண்டு ஊரும் நாலு படையும்தானே இருக்கும். சிவிலைசேஷன் 6 என்றால் ஆட்டத்தைத் தொடங்காமல், முகப்பு மெனுவில் இருக்கும் பெஞ்ச்மார்க்கில், கம்ப்யூட்டர் ஆடும் நாடுகளின் கணக்கை அளக்கும் ஏஐ சோதனையை ஓட்டுங்கள். பாதி ஆட்டம் வளர்ந்த உலகத்தில் ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று அதுவே சொல்லிவிடும்.