ஆரஞ்சுச் சட்டையும் பத்தாயிரம் டாலரும்

கேள்வி: கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளை அடைத்து வைத்த உறைவிடப் பள்ளிகளை மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. 2008-ல் பிரதமர் மன்னிப்பும் கேட்டார், பணமும் கொடுத்தார்கள். அப்புறமும் வருடாவருடம் செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு எதற்கு அதையே பேசுகிறார்கள்?

பதில்: கடைசிப் பள்ளிகளை மூடியதே 1990-களில்தான். ‘எத்தனையோ வருடம்’ என்கிறீர்கள். அங்கே இருந்தவர்களில் பலர் என் வயதுக்காரர்கள்.

சரி, சட்டைக்கு வருகிறேன். 1973, பிரிட்டிஷ் கொலம்பியா. ஃபிலிஸ் வெப்ஸ்டட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்குப் பாட்டி புதுச்சட்டை வாங்கித் தந்தார். முன்பக்கம் கயிறு கோத்த, பளபளக்கும் ஆரஞ்சுச் சட்டை. அவளே பார்த்து எடுத்தது. வில்லியம்ஸ் லேக் அருகே மிஷன் பள்ளியில் போய் இறங்கியதும் உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சட்டை திரும்பி வரவே இல்லை.

அந்தப் பாட்டியும் இப்படி ஒரு பள்ளியில் பத்து வருடம் இருந்தவர். அம்மாவும் பத்து வருடம். பிள்ளையை அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்க 1920-லேயே சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். (‘படிப்பாவது கிடைத்ததே’ என்று அடுத்த கடிதம் வரும். வெகு காலம்வரை பாதி நாள்தான் பாடம். மீதி நேரம் சலவை, சமையலறை, வயல்வேலை.)

ஃபிலிஸ் பதினாலு வயது நிறையும் முன்பே தாயானார். பெற்றவள் எப்படி இருக்கவேண்டும் என்றே தனக்குத் தெரியவில்லை என்று பின்னாளில் சொன்னார். அத்தை ஒருவர் உதவியால்தான் மகனை வளர்த்தார். குழந்தையைக் குளிப்பாட்டுவதும், காய்ச்சலென்றால் மடியில் போட்டுக்கொள்வதும் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தருவதா? வீட்டில் பார்த்துப் பழகுவது. வரிசைக் கட்டிலில் படுத்து, மணியடித்தால் எழுந்து பத்து வருடம் வளர்ந்த அவள் அம்மா எதைப் பார்த்துப் பழகியிருப்பார்? அந்தப் பள்ளிகளுக்குப் போன பிள்ளைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

பணத்தைச் சொன்னீர்கள். பள்ளியில் இருந்த முதல் வருடத்துக்கு 10,000 டாலர், அதற்கப்புறம் வருடத்துக்கு 3,000. வன்கொடுமைக்குத் தனிக் கணக்கு. பத்து வருடம் இருந்தவருக்கு 37,000 வந்திருக்கும். அதுவும் 2005 மே 30 அன்று உயிரோடு இருந்திருந்தால். அவரிடம் வளர்ந்த மகளுக்கோ பேரனுக்கோ அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது.