நட்சத்திர ஹோட்டல்களில் ஊழியர்கள் ஏன் நிலைப்பதில்லை? சம்பளம் மட்டும்தான் காரணமா?

சம்பளம் குறைவுதான், பொய்யில்லை. ஆனால் அது தெரிந்துதான் எல்லாரும் சேருகிறார்கள். சேர்ந்தபின் வெறுத்துப்போக வைப்பது வேறு விஷயம். சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே நடந்த துண்டுப் பஞ்சத்தைச் சொல்கிறேன், உங்களுக்கே புரியும்.

ஓர் அறைக்குக் குறைந்தது மூன்று செட் விரிப்பும் துண்டும் இருக்க வேண்டும். ஒன்று அறையில், ஒன்று லாண்டரியில், ஒன்று அலமாரியில். செலவைக் குறைக்கிறோம் என்று ஒரு வருடம் புது லினன் (விரிப்பு, துண்டு) வாங்குவதையே நிறுத்தினார்கள். கிழிந்ததும் கறைபட்டதும் கழிந்து, கையிருப்பு இரண்டு செட்டுக்கும் கீழே போனது. முகூர்த்த நாள், ஹோட்டல் ஃபுல். ரூம் பையன் பாத்ரூம் கழுவி, தூசி தட்டி எல்லாம் முடித்துவிட்டான். கட்டிலில் வெறும் மெத்தை. லாண்டரி வாசலில் போய் நிற்கிறான், உள்ளே டிரையர் இன்னும் ஓடுகிறது. லாபியில் கெஸ்ட் கத்துகிறார். ரிசப்ஷனில் இருப்பவர் எங்களுக்கு போன் போட்டுக் கத்துகிறார். மறுநாள் பிரீஃபிங்கில் ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்) கேட்டார்: "ஒரு ரூம் ரெடி பண்ண இவ்வளவு நேரமா?" லினன் வாங்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

அப்புறம் என்ன, ஆளாளுக்குத் தங்கள் மாடிக்கென்று துண்டைப் பதுக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடிக்காரன் நாலாம் மாடியில் துண்டு வைக்கும் பேன்ட்ரியில் கை வைத்தான் என்று அடிதடி வரை போனது. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. இதைப் பார்த்து மேலே எடுத்த முடிவு: 'டீம் ஸ்பிரிட்' பயிற்சி வகுப்பு. அதுவும் வீக் ஆஃப் நாளில்.

முடிவு எடுப்பவர் கெஸ்ட் முகத்தைப் பார்ப்பதில்லை, பார்ப்பவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ரிட்ஸ் கார்ல்டன் என்ற சொகுசு ஹோட்டல் குழுமத்தில் சாதாரண ஊழியர்கூட ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க, யாரையும் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவழிக்கலாம். அவ்வளவெல்லாம் வேண்டாம். காத்திருப்பவருக்கு ஒரு காபி கொடுத்து உட்கார வைக்கும் உரிமை ரிசப்ஷனுக்கு இருந்தாலே பாதித் திட்டு குறையும். எங்கள் இடத்தில் அதற்கும் டியூட்டி மேனேஜர் கையெழுத்து வேண்டும். (கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ரிசப்ஷன் கவுன்டருக்குப் பின்னால் எத்தனை ஹோட்டலில் ஸ்டூல் பார்த்திருக்கிறீர்கள்?)

ரெஸ்டாரன்ட் பக்கம் பிரேக் ஷிஃப்ட் என்று ஒன்று உண்டு. காலை பஃபே முடிந்ததும் போகச் சொல்வார்கள், சாயங்காலம் திரும்ப வர வேண்டும். தாம்பரம் தாண்டி வீடு இருப்பவர் எங்கே போய்வருவார்? லாக்கர் ரூமில் பெஞ்சில் படுத்துக் கிடப்பார். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. இதைவிட மோசம், அடுத்த வார டியூட்டி சார்ட்டை ஞாயிறு ராத்திரி ஒட்டுவது. தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட வீட்டில் ஒரு தேதி சொல்ல முடியாது.

நீங்கள் சேர யோசிப்பவர் என்றால் லாபியைப் பார்த்து மயங்காதீர்கள். பின்வாசலில், ஊழியர்கள் வருகை பதியும் டைம் ஆபீஸ் பக்கம், ஷிஃப்ட் முடிந்து வருபவர்களிடம் இரண்டே விஷயம் கேளுங்கள். டியூட்டி சார்ட் எத்தனை நாள் முன்னால் வரும்? ஜி.எம். கடைசியாக எப்போது ஸ்டாஃப் கேன்டீனில் சாப்பிட்டார்?