அத்தைக்குத்தான் தூக்கம் வராதே!

கேள்வி: எங்கள் நாய்க்குட்டி புஜ்ஜிக்கு நாலரை மாதம். பெண் குட்டி. மகனின் பதினோராவது பிறந்தநாளுக்கு இவர் வாங்கி வந்தார். வந்த மூன்றாவது வாரத்திலேயே வீட்டுக்குள் ஒன்றுக்குப் போவதை நிறுத்திவிட்டது, பார்த்தவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். இப்போது இரண்டு வாரமாக ஹால், கட்டில் கால், மிதியடி என்று எங்கே பார்த்தாலும் ஈரம். ராத்திரியிலும் போய்விடுகிறது. முன்பெல்லாம் ராத்திரி தொல்லையே கிடையாது. அத்தைக்குத்தான் தூக்கம் வராதே, அவர்களே கீழே கூட்டிப் போய்விடுவார்கள். இப்போது நாத்தனார் பிரசவத்துக்காகத் தென்காசி போயிருக்கிறார்கள். நான் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் வருவேன். இவருக்குக் கடை பக்கத்துத் தெருவில். மதியம் சாப்பிட வரும்போதே ஹால் ஈரமாக இருக்கிறதாம். மாலை நான் வந்து துடைக்கிறேன். மூக்கைத் தேய்த்துப் பார்த்தேன், பேப்பரைச் சுருட்டி அடித்தும் பார்த்தேன். அது முழிக்கிற முழியைப் பார்த்தால் தெரிந்தேதான் செய்கிறது என்று தோன்றுகிறது. லிஃப்ட் இல்லாத வீடு, இரண்டாவது மாடி. எத்தனை முறைதான் இறங்கி ஏறுவது? கோயில் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார் இவர். என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, மதுரை

பதில்: கடிதம் முழுக்கப் புஜ்ஜியைப் பற்றி. நடுவில் போகிற போக்கில் உங்கள் மாமியார் ஒரு வரியில் வந்து போகிறார். என் கண் அந்த வரியைத் தாண்டவே இல்லை.

‘அத்தைக்குத்தான் தூக்கம் வராதே.’ எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள், அம்மா! வயதானவர்களுக்குத் தூக்கம் குறையும், சரி. அதனால் நடுராத்திரியில் இரண்டு மாடி இறங்கி, நாய்க்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்பது அவருடைய வேலையாகிவிடுமா? ஒரு நாளாவது உங்கள் வீட்டில் யாராவது எழுந்து, “நீங்க படுங்க அத்தை, நான் போறேன்” என்று சொன்னதுண்டா? சொல்லியிருந்தால் அந்த வரி உங்கள் பேனாவிலிருந்து அப்படி வந்திருக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குட்டியால் பகலில் எத்தனை மணி நேரம் அடக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு நாய் வளர்ப்பவர்கள் கையில் ஒரு தோராயமான கணக்கு இருக்கிறது. எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், மிஞ்சிப்போனால் இன்னும் ஒன்று. அதுவும் சும்மா படுத்திருந்தால்தான். தூங்கி எழுந்ததும் போகும். சாப்பிட்ட கால் மணி, அரை மணியில் போகும். ஓடி விளையாடி முடித்ததும் போகும். அப்படியானால் ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது யாரோ அதைக் கீழே கூட்டிப்போயிருக்க வேண்டும். எட்டு முறை என்றால் பதினாறு மாடி இறக்கம், பதினாறு மாடி ஏற்றம். எத்தனை முறை இறங்கி ஏறுவது என்று நீங்கள் இரண்டு வாரத்தில் கேட்டுவிட்டீர்கள். அவர் இரண்டு மாதத்துக்கு மேல் அதைக் கேட்கவில்லை.

மூன்று மாதம்கூட ஆகாத குட்டி மூன்றே வாரத்தில் முழுதாகப் பழகிவிடாது. அந்த வயதில் அதற்கு அடக்கும் சக்தியே சரியாக வந்திருக்காது. பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்களே, அது உங்கள் மாமியாருடைய கால்களைப் பார்த்துப் பட்டிருக்க வேண்டிய ஆச்சரியம்.

‘பழகின குட்டி திடீரென்று கெட்டுப்போய்விட்டது’ என்று எனக்கு அடிக்கடி கடிதம் வரும். வீடு மாறியிருப்பார்கள், தீனி மாறியிருக்கும், மழை பிடித்துக்கொண்டு குட்டி வெளியே கால் வைக்க மறுத்திருக்கும், இல்லையென்றால் வீட்டில் ஓர் ஆள் குறைந்திருப்பார். ‘வீட்டுக்குள் போகக் கூடாது’ என்று ஒரு விதியைக் குட்டி மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதில்லை. இந்த நேரத்துக்கு இவர் கதவைத் திறப்பார், இந்த மரத்தடிக்குக் கூட்டிப்போவார், அங்கே போகலாம் என்று ஆளோடும் இடத்தோடும் சேர்த்துத்தான் அதற்குப் படிகிறது. அந்த ஆள் ஊருக்குப் போய்விட்டார், கதவு எட்டரை மணியிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. காலுக்கு மெத்தென்று, ஈரத்தை உறிஞ்சுகிற இடமாக வீட்டில் இருப்பது மிதியடி. வேறு எங்கே போகும்?

அடுத்து, அந்த முழி. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் ‘குற்றவாளி முகத்துக்கும்’ சம்பந்தமே இல்லை. வளர்ப்பவர் திட்டினால் அந்த முகம் வந்தது, தின்னாத நாய்க்கும் வந்தது. உங்கள் புஜ்ஜியும் உங்கள் கையில் இருக்கும் பேப்பர் சுருளைப் பார்த்து முழிக்கிறது. பதினோரு மணிக்குப் போனதற்கு ஆறு மணிக்கு அடித்தால், எதற்கு அடி என்று அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் வந்தால் அடி விழும் என்பது மட்டும் தெரியும். அப்புறம் அது உங்கள் கண் எதிரே போகவே பயப்படும். கீழே கூட்டிப்போனாலும் அடக்கிக்கொண்டு நிற்கும், மேலே வந்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு ஒன்றுக்குப் போகும். மூக்கைத் தேய்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். எந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்திருந்தாலும் அது தப்பு.

இனி உங்கள் கணவரிடம் வருகிறேன், இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மதியம் வருகிறார், ஈரத்தைப் பார்க்கிறார், தாண்டிப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார், கடைக்குத் திரும்புகிறார். மாலை வரை அது தரையில் காய்கிறது. வேலைக்குப் போய் வந்த மனைவி குனிந்து துடைக்கிறாள். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்று வாங்கி வந்தவர் அவர்தானே? ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருகிற சந்தோஷம் ஒருவருக்கு, அதன் மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளுவது வீட்டுப் பெண்களுக்கு என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கைக்குழந்தையிலிருந்து படுக்கையில் கிடக்கும் தாத்தா வரை நம் வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. சத்தம் போடாமல் ஒருத்தி செய்துகொண்டே இருப்பாள். அவள் நாலு நாள் இல்லாமல் போனால்தான் வேலை என்று ஒன்று இருந்ததே கண்ணுக்குத் தெரியும்.

முதல் காரியம், கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மேலே சொன்னதெல்லாம் எனக்கு நிச்சயம்தான். ஆனாலும் பெண் குட்டிகளுக்குச் சிறுநீர்த் தொற்று சுலபமாக வரும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகிறதா, முக்குகிறதா, நக்கிக்கொண்டே இருக்கிறதா, நிறம் சிவந்தோ காப்பி டிகாஷன் போலவோ இருக்கிறதா என்று கவனியுங்கள். கறுத்துப் போனால் அன்றே ஓடுங்கள், உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காலையில் அது குந்தும்போது பின்னாலிருந்து ஒரு சுத்தமான குழிக்கரண்டியை நீட்டிப் பிடித்தால் பரிசோதனைக்குப் போதும். வீட்டுக்குள் போகிறது என்பதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள், மதுரை வெயிலில் அது பாவம்.

மிதியடிகளை எல்லாம் சுருட்டி மேலே போடுங்கள். பினாயில் ஊற்றித் துடைத்தால் நம் மூக்குக்குத்தான் வாடை போகும், நாயின் மூக்குக்கு அந்த இடம் இன்னும் கழிப்பறைதான். அந்த வாடையையே சிதைத்துவிடுகிற என்ஸைம் கிளீனர் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். அது வரும் வரை டைல்ஸ் தரைக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். மார்பிளாக இருந்தால் வினிகர் வேண்டாம், தரை பாழாகும்.

ஆள் போடுவதுதான் முக்கியம். விடிந்ததும் உங்கள் கணவர். நீங்கள் கிளம்பும் முன் நீங்கள். பதினொன்றரைக்குக் கடையை ஐந்து நிமிடம் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அவர், மதியச் சாப்பாட்டுக்கு முன் மறுபடி அவர். பள்ளி விட்டு வந்ததும் மகன், பையை வைத்துவிட்டு உடனே. பதினோரு வயது சின்ன வயதில்லை, தனக்கு வந்த பரிசுக்குத் தான் பொறுப்பு என்று அவன் தெரிந்துகொள்ளட்டும். ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை, நடுவில் அலாரம் வைத்து ஒருமுறை, அதை நீங்களும் கணவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வயதுக்கு ராத்திரி அலாரம் ரொம்ப நாள் தேவைப்படாது.

ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த அந்த நொடியில், அங்கேயே, ஒரு பிஸ்கட் துண்டு. மாடி ஏறி வந்து கொடுத்தால் மாடி ஏறியதற்குக் கொடுத்ததாகத்தான் நினைக்கும்.

வீட்டில் இருக்கும்போது அதைக் கண் பார்வையில் வையுங்கள். எங்கள் வீட்டில் வளர்ந்த குட்டிகளிடம் நான் பார்த்தது இது: விளையாடிக்கொண்டே இருக்கும், சட்டென்று பந்தை விட்டுவிடும், மூக்கு தரைக்குப் போகும், அதே இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போடும், இன்னொரு வட்டம். பின்னங்கால் மடங்குவதற்குள் பத்து விநாடி உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பத்து விநாடியில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான் இந்தப் பயிற்சி.

கோயில் பக்கம் விடுவதைப் பற்றி இனிமேல் பேசவே வேண்டாம். வீட்டில் வளர்ந்த குட்டிக்குத் தெருவில் தேடித் தின்னத் தெரியாது, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். உங்களால் முடியவே முடியாது என்றால் வளர்க்க மனமுள்ள ஒரு வீட்டைத் தேடி, உள்ளதைச் சொல்லிக் கையில் கொடுங்கள். ஆனால் நான் மேலே சொன்னதை ஒரு மாதம் செய்து பார்க்காமல் முடியவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

இன்று ராத்திரி தென்காசிக்கு போன் போடுங்கள். எந்தெந்த நேரத்தில் கூட்டிப்போனார், எந்த மரத்தடி, போகச்சொல்ல என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று கேளுங்கள். அந்தச் சொல் புஜ்ஜிக்கு நன்றாகத் தெரியும். அவர் சொல்லச்சொல்ல எழுதி, ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக யார் பெயர் என்று போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மூன்று பேர் பெயரும் அதில் இருக்க வேண்டும். பிரசவம் முடிந்து அவர் திரும்பி வந்தாலும் அந்தத் தாளில் நாலாவது பெயரை எழுதாதீர்கள். போனை வைக்கும் முன், முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.